வேர் விடாத போத்து

இழவு வீட்டுக்கு வருகிறவன் இப்போதெல்லாம் கையில் கடியாரம் கட்டிக்கொண்டுதான் வருகிறான். உட்கார்ந்து ஒரு மூச்சு விட்டிருக்க மாட்டான், சட்டைக் கையை மெல்ல மேலே தள்ளி ஒரு பார்வை. "எப்ப எடுக்கிய?" என்று அதற்குப் பிறகு ஒரு கேள்வி. செத்தவளுக்கும் குர்லா போகிற ரயில் வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று பூதத்தானுக்கு விளங்கவில்லை. முன்னெல்லாம் கேதத்துக்கு வந்தவன் அழாவிட்டாலும் பேசாமலாவது இருந்தான். இப்போது வருகிறவனுக்கு அதுவும் முடிவதில்லை.

பச்சை மூங்கிலை நீளவாக்கில் பிளந்துகொண்டே அவர் இதை நினைத்தார். தலையில் கோணிச்சாக்கை மடித்துக் கொங்காணி போட்டிருந்தார். மழை பெய்வதும் விடுவதுமாக இருந்தது. குடிசைக்குள் பெஞ்சியில் அவர் பெண்டாட்டி முப்பிடாதியம்மாள் கிடந்தாள். காய்ச்சல் என்று படுத்தவள், விடியக் கருக்கலில் தண்ணீர் கேட்டாள். அவர் செம்பை எடுத்து வருவதற்குள், கேட்டதையே மறந்துவிட்டவள் மாதிரிக் கிடந்தாள். அவ்வளவுதான்.

மூங்கிலின் மறுமுனையைப் பிடித்திருந்தவன் மருமகன் வானமாமலை. மாட்டுங்கா ரயில் பட்டறையில் வேலை. மகள் பூமாரியைக் கூட்டிக்கொண்டு தாராவியிலிருந்து வந்தவன், இடுப்புவரை சேறாக நின்றான்.

"மாமா, நான் சொல்லுதத கொஞ்சம் கேளுங்க."

"கம்ப ஒழுங்காப் பிடியும்."

"பிடிச்சிட்டுத்தான நிக்கேன். வாசப் படலுக்கு வெளிய பாத்தியளா? தண்ணி தொடைக்கு மேல ஏறிட்டு. சாக்கட நாலாவும் ரொம்பிக் கெடக்கு, கடல் ஓதமும் ஏறுது. அமாவாசை வேற. பாடையத் தோள்ல வச்சிட்டு அதுக்குள்ள எவன் எறங்குவான்? ஒருத்தனுக்குக் கால் வழுக்குனா அத்தைய..."

முடிக்காமல் நிறுத்தினான்.

"ஓதம் ஏறுனா எறங்கும்," என்றார் பூதத்தான். "எறங்குனதுக்கப்புறம் எடுப்போம்."

"எப்ப எறங்கும்?"

"கையில கட்டியிருக்கீருல்லா, அதப் பாத்துச் சொல்லும்."

வானமாமலை கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

அது பூதத்தானுடைய சொந்த மண். தாராவித் தோல் கிடங்கில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று நின்று, காலில் தோல் உரிய உரியச் சேர்த்த மண். தேவ்நாருக்குக் கிழக்கே உப்பங்கழி ஓரத்தில் நீளமாக ஒரு துண்டு. கொஞ்சம் மேடாக இருந்ததால் கீரையும் வெண்டையும் விளைந்தன. அந்த வட்டாரத்தில் எங்கே தோண்டினாலும் உவர்த்தண்ணீர்தான். இவர் கிணறு மட்டும் நல்ல தண்ணீர். அந்தக் கிணறு ஊறிய நாளிலிருந்து அவருக்கு உலகத்தில் எவனையும் நம்ப முடியாமல் போயிற்று.

அதனால் சுற்றிலும் வேலி. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் முள்முருங்கையைப் போத்துப் போத்தாக வெட்டி, முழத்துக்கு ஒன்றாக ஊன்றி, இடையில் கொடுக்காப்புளி முள்ளை வைத்து அடைத்து, மேலே மூங்கில் வரிச்சு கொடுத்து இறுக்குவார். மழை விழுந்ததும் ஊன்றிய போத்தெல்லாம் வேர்விட்டுத் தளிர்த்துவிடும். ஆடு நுழையாது, கோழி நுழையாது. கண் நுழையாது என்பார்.

ஒரே ஒரு இடம்தான் தகராறு. கிணற்றுக்கு நேராக, பக்கத்து மண்ணை ஒட்டின வேலியில், ஒரு போத்து மட்டும் எந்த வருஷமும் பிடிப்பதில்லை. இரண்டு பக்கமும் இலை தழைத்துக் கிடக்கும், நடுவில் அது மட்டும் சுள்ளியாக நிற்கும். மண்ணை மாற்றிப் பார்த்தார். சாணி கரைத்து ஊற்றிப் பார்த்தார். கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்தார். பக்கத்து மண்ணுக்காரர் முகம்மது ஹனீப். கடையநல்லூரிலிருந்து வந்தவர். ஆடு வளர்த்துக் கசாப்புக் கடைகளுக்குக் கொடுப்பவர். ஆடு வைத்திருக்கிறவனுக்கு அடுத்தவன் வேலி ஆகவே ஆகாது. நேரம் பார்த்து வேரில் வெந்நீர் ஊற்றுகிறான் என்று முடிவு கட்டினார். வருஷத்துக்கு ஒரு தடவை வேலியோரம் நின்று அதைச் சத்தமாகச் சொல்லவும் செய்தார். ஹனீப் கேட்டுக்கொண்டு நிற்பார், மறுபேச்சுப் பேசமாட்டார். திருடன் வேறு எப்படி இருப்பான்?

இப்போது அந்த ஹனீப்தான் வேலிக்கு மறுபக்கம் குடையோடு வந்து நின்றார்.

"அண்ணாச்சி. ஆட்டையெல்லாம் அந்தப் பக்கம் பிடிச்சிக் கெட்டிட்டேன். வழி சுத்தமாக் கெடக்கு. என் மண்ணு வழியாக் கொண்டுபோனா நேரே தார் ரோடு. கால் நனையாமக் கொண்டுபோயிரலாம்."

"ஒம்ம கிட்ட எவனாது வழி கேட்டானா?"

"கேட்டாத்தானா அண்ணாச்சி?"

"ஒம்ம வழிய நீரே வச்சிக்கிடும்."

ஹனீப் குடையை மடக்கினார், திரும்ப விரித்தார், அங்கேயே நின்றார்.

வானமாமலைக்குப் பொறுக்கவில்லை. "என்ன மாமா இது? அவரு தன் மண்ணுல வழி தாராரு. ஒங்க மண்ணயா கேக்காரு?"

"ஒமக்குத் தெரியாதுவே. வேலிய ஒரு பொணத்துக்காகத் தொறந்தம்னா அது அப்புறம் வழியாயிரும். எங்க பெரியப்பன் வயல்ல அப்படித்தான் ஒரு மழைக்கு ஒரு கெழவியத் தூக்கிட்டுப் போனானுவ. பாவம்னு விட்டாரு. அடுத்த கார்த்திகையில அதே வரப்புல இன்னொரு பொணம் வந்துச்சி. அப்புறம் வண்டி வந்துச்சி. கேட்டா, பொணம் போன எடத்த அடைக்கக் கூடாதுன்னு ஊரே கூடி நின்னு சொல்லுது. வயலு ரெண்டாப் போச்சி. இங்க நாளைக்கு அந்தப் பக்கத்துக் குடிசைக்காரன் அம்புட்டு பேரும் கொடத்தத் தூக்கிட்டு என் கெணத்துக்கு வருவான். நீரு பட்டறையிலருந்து வந்து மறிப்பீரா?"

"அத்தைய உள்ள போட்டு வச்சிட்டுப் பேசுத பேச்சா இது?"

"அவளுக்கு என்ன அவசரம்?" என்றார் பூதத்தான். சொன்ன பிறகு மூங்கிலைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

பாடைக்குக் கயிறு பற்றவில்லை. பழைய வேட்டி ஒன்றைக் கிழித்துக்கொள்ளலாம் என்று உள்ளே போனார்.

நீர்மாலை எடுத்துக் குளிப்பாட்டிக் கோடி உடுத்தியாயிற்று. பெண்கள் அழுது ஓய்ந்து சுவரோரம் சாய்ந்திருந்தார்கள். தாராவியிலிருந்து வந்த கோமதியம்மாள் வாசல் பக்கம் உட்கார்ந்து சேலைத் தலைப்பை முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். பூமாரியின் பாவாடை விளிம்பிலும் சேறு. எல்லோரும் படலுக்கு வெளியே தண்ணீரில் இறங்கித்தான் வந்திருந்தார்கள், ஒருத்தியைத் தவிர. முப்பிடாதியின் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறியால் ஈயை ஓட்டிக்கொண்டிருந்தாள் ஹனீப்பின் பெண்டாட்டி ஹபீபா. அவள் சேலையில் கரண்டைக் காலுக்கு மேல் ஒரு சொட்டு ஈரமில்லை.

பூதத்தான் வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கால்களையே பார்த்தார்.

"நீ எப்பம்மா வந்த?"

"வெள்ளெனயே வந்துட்டேன் அண்ணாச்சி."

"படலு வழியா?"

ஹபீபாவின் கையில் விசிறி நின்றது.

"படலு வழியா வந்தா நனஞ்சிருக்கணும்லா?"

"வந்த வழிய இப்ப எதுக்குய்யா கேக்கிய?" என்றாள் பூமாரி.

"ஏட்டி, நான் ஒன்னக் கேக்கல."

"ஆரும் பதில் சொல்லப் போறதில்ல. வேட்டியக் கிழிச்சிட்டுப் போங்க."

கோமதியம்மாள் பிழிந்த இடத்தையே திரும்பப் பிழிந்தாள். ஹபீபா, பூமாரி, சுவரோரம் இருந்தவர்கள், அத்தனை பேரும் முப்பிடாதியைப் பார்த்தார்கள், பதில் சொல்லவேண்டியவள் அவள்தான் என்பதுபோல. வாயைச் சுற்றிக் கட்டின துணியோடு அவள் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

பூதத்தான் வேட்டியைக் கிழிக்காமலே வெளியே வந்தார். கிணற்றடியைக் கடந்து வேலிக்குப் போனார். ஹனீப் இன்னும் அங்கேயே நின்றார்.

அந்தச் சுள்ளிப் போத்தைக் கையால் பிடித்து மெல்ல அசைத்தார். வைகாசியில் அவர் கையால் குழி போட்டு, குதிகாலால் மிதித்து ஊன்றிய போத்து. அது மண்ணைப் பிடிக்கவேயில்லை. குழம்புச் சட்டியிலிருந்து அகப்பையை எடுக்கிற மாதிரி மேலே வந்தது. வரும்போது கரகரவென்று ஒரு சத்தம். அதோடு சேர்த்துக் கட்டின முள்ளும் கதவு மாதிரி ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது.

குழிக்குள் பார்த்தார். ஒரு டால்டா டப்பா. மண்மட்டத்துக்குப் புதைத்து, சுற்றிலும் சல்லிக்கல் கொடுத்து இறுக்கியிருந்தது. அவர் ஊன்றிவிட்டு வேலைக்குப் போனதும், முப்பிடாதி போத்தைப் பிடுங்கி, டப்பாவைப் புதைத்து அதற்குள் இறக்கி வைத்து, மறு வருஷம் அவர் குழி போடுமுன் டப்பாவை எடுத்தும் விட்டிருக்கிறாள். மண்ணே படாத கம்பு எங்கே வேர் விடும்?

அந்தக் கரகரச் சத்தம் அவருக்குத் தெரிந்த சத்தம்தான். ராத்திரி ஷிப்டு முடித்துவந்து பகலில் கட்டிலில் புரளும்போதெல்லாம் கேட்டிருக்கிறார். அடிப்பிடித்த சட்டியை முப்பிடாதி சுரண்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார்.

வேலிக்கு இந்தப் பக்கம் துணி துவைக்கிற கல். கிணற்றடியில் போடாமல் இங்கே எதற்கு என்று அன்றைக்கே கேட்டார். நிழலாக இருக்கும் என்றாள். முதுகு ஒடியச் சுமந்துவந்து போட்டவர் அவர்தான். மறுபக்கம் பார்த்தார். அங்கேயும் அதே மாதிரி ஒரு கல், உட்கார்ந்து உட்கார்ந்து வழவழத்துக் கிடந்தது.

"இது எப்பயிருந்துவே?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு அண்ணாச்சி?"

"கேக்கேன்லா."

ஹனீப் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். "நீங்க வேலி போட்ட மொத வருசமே. எம் பய பேதியாக் கெடந்தான். உப்புத்தண்ணி அவனுக்குச் சேரல. அக்காதான் வேலிக்கு மேல செம்ப நீட்டுனாவ. முள்ளு கையக் கிழிச்சிட்டு. அப்புறம்தான் இப்படி."

"வெந்நி ஊத்துதன்னு நான் வாய்க்கு வந்தபடி ஏசும்போது, ஒரு வார்த்த சொல்லலாம்லாவே?"

"சொன்னா அடச்சிருப்பிய."

பூதத்தான் அடைத்துத்தான் இருப்பார். அதில் சந்தேகமே இல்லை.

படலுக்கு வெளியே யாரோ சத்தம் போட்டார்கள். தண்ணீர் இன்னும் ஏறி, வண்டித்தடத்தின் கல்லும் முழுகிவிட்டதாம். உள்ளே யாரோ இருமினார்கள். மழை திரும்பவும் பிடித்துக்கொண்டது.

போத்தைக் கையில் வைத்துக்கொண்டு பூதத்தான் நின்றார். பிறகு அதை வேலியில் சாய்த்துவிட்டு, பிளந்த மூங்கில் ஒன்றை எடுத்துவந்து அந்த இடைவெளிக்குக் குறுக்கே பிடித்துப் பார்த்தார். ஒரு பொம்பளை பக்கவாட்டில் நுழைகிற அகலம். பாடைக்குக் காணாது. கூரையில் செருகியிருந்த வெட்டரிவாளை உருவினார்.

வானமாமலை ஓடிவந்தான். "நான் வெட்டுதேன் மாமா."

"நீரு சிம்பு சிம்பாக் கிழிச்சிருவீரு. தள்ளும்."

இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டும் நன்றாக வேர்பிடித்து இலைவிட்ட போத்து. மழைக்காலத்தில் வேலியில் கை வைக்கிறவன் கையை ஒடிப்பேன் என்று சொல்லித் திரிந்தவர், இரண்டையும் அடியை ஒட்டி வெட்டிச் சாய்த்தார். வெட்டுவாயில் தண்ணீர் கசிந்தது. கொடுக்காப்புளி முள்ளை அரிந்து தனியாகக் கட்டுக் கட்டினார்.

"இன்னிக்கு மட்டுந்தான்," என்றார், ஹனீப்பைப் பார்க்காமல். "சாயந்தரம் அடச்சிருவேன். நாளைக்குப் பொணம் போன வழின்னு எவனாது வந்து நின்னா..."

"எவன் வரப்போறான் அண்ணாச்சி?"

"எவனாது வருவான்."

வாய்க்கரிசி போட்டார்கள். பாடை கிணற்றடியைச் சுற்றி வேலி வழியாகப் போயிற்று. முன்னங்கொம்பில் வானமாமலை, பக்கத்தில் ஹனீப் வந்து தோள் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லப் பூதத்தான் வாயெடுத்தார். அதற்குள் பாடை நகர்ந்துவிட்டது. முள் ஒன்று கோடிச்சேலையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தது. அவர் குனிந்து, சேலை கிழியாமல் எடுத்துவிட்டார். கட்டிப்போட்ட ஆடுகள் கத்தின. துவைகல்லுக்குப் பக்கத்தில் ஹபீபா முக்காட்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றாள்.

இடுகாட்டில் குழிவெட்டுகிறவன், மேலே கல் வைத்தால் போதும், முள்ளெல்லாம் வேண்டாம் என்றான். பூதத்தான் அவனை நம்பவில்லை. இந்த ஊர் நாயைப் பற்றி இவனுக்கு என்ன தெரியும்? சுமந்து வந்த முள்கட்டை அவிழ்த்து, தலைமாட்டிலிருந்து வரிசையாக, ஒன்றின் காலில் ஒன்றின் தலை படும்படி அடுக்கினார். வானமாமலை "போதும் மாமா, வண்டி..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான். பூதத்தான் ஒரு தடவை சுற்றிவந்தார். கால்மாட்டில் ஒரு கை அகலத்துக்கு மண் தெரிந்தது. அங்கேயும் ஒரு கொப்பை வைத்து, கல்லால் அழுத்தினார். கையிலிருந்து ரத்தம் வருவதை வானமாமலைதான் பார்த்தான்.

குளித்துவிட்டுத் திரும்பும்போது மழை விட்டிருந்தது. ஓதமும் இறங்கி, படலுக்குப் போகிற தடம் சேறாகப் பளபளத்தது.

"பாத்தீரா?" என்றார் பூதத்தான். "எறங்கிட்டு. பொறுத்திருந்தா இப்ப இப்படியே எடுத்திருக்கலாம்."

வானமாமலை மற்றவர்களோடு ஹனீப்பின் மண் வழியாகப் போய்விட்டான். பூதத்தான் மட்டும் தடத்தில் இறங்கினார். சேறு முழங்கால்வரை வாங்கியது. ஒவ்வொரு காலையும் கையால் பிடித்துத் தூக்கித் தூக்கி வைத்து, தன் படலைத் தானே திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

வேட்டியைக்கூட மாற்றவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனார். காலையில் வெட்டிச் சாய்த்த இரண்டு போத்தையும் அடிப்பக்கம் சாய்வாகச் சீவினார். இரண்டு குழி போட்டு இரண்டையும் ஊன்றி, மண் தள்ளி, குதிகாலால் மிதித்தார். எத்தனையோ வருஷமாகச் செய்கிற வேலை. இன்றைக்கு ஒவ்வொரு மிதிக்கும் மூச்சு வாங்கியது. புதிதாக முள் அரிந்து வைத்துக் கட்டினார். நடு இடம் மட்டும் மிச்சம்.

மறுபக்கம் ஹபீபா வந்து நின்றாள். கையில் மூடிபோட்ட பாத்திரம், மேலே கவிழ்த்த தட்டு. சாவு வீட்டில் இன்றைக்கு அடுப்பு எரியாது.

"கஞ்சி காய்ச்சினேன் அண்ணாச்சி. பூமாரிப் பிள்ள காலையிலயிருந்து ஒண்ணும்..."

பூதத்தான் நிமிரவில்லை. கடப்பாரையை டப்பாவின் ஓரத்தில் கொடுத்து நெம்பினார். சல்லிக்கல் விட்டுக்கொடுத்தது, டப்பா கைக்கு வந்தது. அதில் மழைத்தண்ணீர் நிரம்பி, ஒரு முள்முருங்கை இலை மிதந்தது. வேலியிலிருந்து புதிதாக வெட்டிச் சீவிய போத்து ஒன்றும் பக்கத்தில் தயாராகக் கிடந்தது. ஊன்றினால் மழைக்குப் பிடித்துக்கொள்ளும்.

ஹபீபா பாத்திரத்தை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

பூதத்தான் டப்பாவைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினார். உள்ளே விரலை விட்டுச் சேற்றை வழித்தார். திரும்ப அதே குழியில் வைத்து, சல்லிக்கல்லைச் சுற்றிலும் கொடுத்து, கடப்பாரையின் பின்முனையால் இடித்து இறுக்கினார். வேலியில் சாய்ந்திருந்த அந்தப் பழைய சுள்ளியை எடுத்து டப்பாவுக்குள் இறக்கினார். முள்ளைச் சேர்த்துக் கட்டினார்.

"பூமாரி உள்ளதான் இருக்கா," என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். கிணற்றடி வரைக்கும் வந்ததும் வாய்க்குள் முணுமுணுத்தார்:

"டப்பா இருந்தா? டப்பா இருந்தா வெந்நி ஊத்தலன்னு ஆயிருமா? ஊத்தித்தான் இருப்பான்."

பின்னால் கரகரவென்று அந்தச் சத்தம் கேட்டது. பூதத்தான் திரும்பிப் பார்க்காமல் படல் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.